தோளில் இருந்த பனி

இல்லை, சிரிக்கவில்லை. குளிரில் பல் கிட்டிப்போய் உதடு அப்படி விரிந்திருக்கிறது. தெருமுனையில் கட்டியிருக்கும் ஃபிலோமினா அக்காவின் ஃபிளெக்ஸைப் பார்த்துவிட்டு, "எம்மாம் சந்தோசமா சிரிச்சினு கீது பாரு" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் திருத்தத் தோன்றுகிறது. திருத்துவதில்லை. அந்தப் படத்தை எடுத்தவள் நான். எடுத்த பிறகு பதினொரு மாதம் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தவளும் நான்.

செய்தி ஒரு கேள்வியாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே கால். ஃபிலோமினா அக்காவின் மகள் ஜெனட் கூப்பிட்டாள்.

"அக்கா, அம்மாவோட நல்ல போட்டோ ஏதாச்சும் இருக்கா? ஜப்பான்ல எடுத்தது?"

குரல் அடைத்திருந்தது. சளி என்று நினைத்தேன். தாமதித்தவளுக்கு உரிய அவசரத்தோடு, "இந்த வாரம் கண்டிப்பா தர்றேன் ஜெனட், அம்மாகிட்ட சொல்லு" என்றேன்.



"ஃபிளெக்ஸ் அடிக்கணும்கா," என்றாள்.

அக்கா தண்ணீர் லாரிக்கு வரிசையில் குடத்தை வைத்துவிட்டு, வந்து வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார். லாரி வந்தது. பக்கத்து வீட்டு சூசை மாமா அவருடைய குடத்தையும் சேர்த்து நகர்த்திக்கொண்டே கூப்பிட்டிருக்கிறார். பதில் இல்லை. ஐம்பத்து மூன்று வயது.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனி திருவொற்றியூரில் இருக்கிறது. மீனையும் இறாலையும் கணவாயையும் உறைய வைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. ஃபிலோமினா அக்கா அங்கே இருபத்திரண்டு வருடம் கணவாயைத் தரம் பிரித்தவர். காசிமேட்டில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவர். அவருடைய அம்மா கூடை சுமந்து ராயபுரம் முழுக்க மீன் விற்றவர். கணவர் இறந்தபின் ஜெனட்டைத் தனியாக வளர்த்தார். நான் மாடியில், ஏற்றுமதிக் காகிதங்களின் அறையில் இருக்கிறேன். இலக்கியத்தில் எம்.ஏ. படித்தவள் பெட்டிகளின் எண்ணிக்கையைச் சரிபார்க்கும் அறை அது.

சேர்ந்த முதல் வாரம், ஒரு பெட்டியின் சீட்டில் இருந்த பிழையைத் திருத்தக் கீழே குளிரறைக்குப் போனேன். விரலின் புறத்தால் கணவாயைத் தொட்டுத் தொட்டு ஒதுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாம்மா எம்.ஏ.? சீட்டைத் திருத்தினியா? சரி. மீனை வுட்டுடு. அது சரியாத்தான் கீது."

அன்றிலிருந்து என் பெயர் எம்.ஏ.

போன பிப்ரவரியில், எங்களிடம் சரக்கு வாங்கும் ஜப்பான் நிறுவனம் இரண்டு பேரைப் பத்து நாளைக்கு அனுப்பச் சொன்னது. மீன் தெரிந்த ஒருவர், ஆங்கிலம் தெரிந்த ஒருவர். பட்டியலில் எங்கள் பெயர்களைப் பார்த்ததும் அவர் சொன்னார்: "அப்ப நம்ம ரெண்டு பேரும் சேந்தா ஒரு ஆளு."

வடக்கு ஜப்பான். ஹச்சினோஹே என்ற துறைமுக ஊர். கணவாய்க்குப் பேர்போனது. ரயிலிலிருந்து இறங்கியதும் அவர் மூக்கை உயர்த்தி ஒருமுறை இழுத்தார். "காசிமேடுதான். ஆனா கலீஜ் இல்ல."

அவரிடம் இருந்தது பட்டன் போன். படமெடுப்பது என் வேலையாயிற்று. அவரை எடுப்பது கடினம். போனைத் தூக்கினால் முகத்துக்கு நேரே கை வந்துவிடும். ஆகவே என்னிடம் இருப்பவை பெரும்பாலும் அவருடைய உள்ளங்கைகள். உள்ளங்கைக்குப் பின்னால் படகுகள். உள்ளங்கைக்குப் பின்னால் ஐஸ் ஏற்றும் லாரி.

முதல் நாள் விருந்தில் பச்சைக் கணவாயை மெலிதாக நறுக்கி வைத்தார்கள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பையிலிருந்து மாங்காய் ஊறுகாய்ப் புட்டியை எடுத்தார். "கடம்பாவைப் பச்சையாத் துன்ன வெக்கிறான். நம்மகிட்டயும் மருந்து கீது" என்று தொட்டுத் தின்றார். எங்களுக்குப் பொறுப்பாக இருந்த சாத்தோ என்ற அம்மாவுக்கும் ஒரு துண்டு நீட்டினார். அந்த அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தது படத்தில் இருக்கிறது. கொஞ்சம் கலங்கலாக.

தொழிற்சாலைச் சுவரில், என் தலைக்கு மேலே, ஒரு நீலக் கோடு. சுனாமித் தண்ணீர் ஏறிய உயரம் என்று சாத்தோ அம்மா போனில் மொழிபெயர்த்துக் காட்டினார். அக்கா கோட்டின் கீழே போய் நின்றார். பிறகு தன் இடுப்பில் கையை வைத்துக் காட்டினார். எங்க வூட்ல இம்மாம். சாத்தோ அம்மா தன் நெஞ்சில் கையை வைத்தார். வீட்டில் இவ்வளவு. அக்கா தலையில் கூடை இருப்பதுபோலக் காட்டி, அது போய்விட்டது என்று கையை விசிறினார். சாத்தோ அம்மா கைகளால் ஒரு படகைக் காட்டி, அதேபோல விசிறினார். மொழிபெயர்க்கப் போனை யாரும் எடுக்கவில்லை. நானும் படம் எடுக்கவில்லை. கோட்டை மட்டும் பிறகு தனியாக எடுத்தேன்.

விடுமுறை நாளில் அவோமோரி நகரத்துக்குப் போனோம். ஆளுயரத்துக்கு வெட்டிக் குவித்த பனி. நிலையத்தை விட்டு வெளியே வந்த நாலாவது அடியில் வழுக்கி, மல்லாந்து விழுந்தேன். சுற்றிலும் கூட்டம். அடியைவிட அதுதான் அதிகம் வலித்தது. எழுந்திருக்கத் தோன்றாமல் அழுதேன். அக்கா முதலில் நன்றாகச் சிரித்தார். பிறகு சேலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மெதுவாக, என் பக்கத்தில் பனிமேல் உட்கார்ந்தார்.

"இந்தா, நானும் வுழுந்துட்டேன். இன்னும் இன்னா அழுவ?"

கடைசி நாள் காலை, மீன் சந்தை. பக்கத்தில் சின்ன ரயில் நிலையம். அதன் வாசலில் தலையில் துணி கட்டிய ஒரு பெண்ணின் சிலை.

"யாரு இது? தலைவரா?"

சாத்தோ அம்மாவிடம் கேட்டுச் சொன்னேன். மீன் விற்கும் அம்மா. இந்த ஊர் மீன்காரிகள் எல்லோருக்கும் சேர்த்து.

"மீன்காரிக்கா?" என்றார். சிலையைச் சுற்றி வந்தார். அதன் கையைத் தொட்டுப் பார்த்தார், கணவாயைத் தொடுவதுபோல, விரலின் புறத்தால். அப்போதுதான் பனி பெய்ய ஆரம்பித்தது. மஃப்ளரைச் சரிசெய்துகொண்டு சிலையின் பக்கத்தில் நின்றார்.

"எம்.ஏ., ஒண்ணு எடு. எங்கம்மாகூட நிக்கறாப்ல."

கையைக் கீழே போட்டிருந்தார். பத்து நாளில் அவராகக் கேட்டு எடுத்த ஒரே படம். தலையிலும் தோளிலும் பனி. திரையை நீட்டினேன். "என் கண்ணாடி ரூம்ல கீது. வூட்டுக்குப் போயி பெருசா பாக்கறேன்."

காசிமேட்டில் அவருடைய சந்தில் ஒரு வழக்கம் உண்டு. கப்பலுக்கோ வளைகுடாவுக்கோ போய் வந்தவர்கள், வந்த முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் சந்தில் நாற்காலி போட்டுப் படங்களைக் காட்ட வேண்டும். அந்தச் சந்திலிருந்து அப்படிப் போய்வந்த முதல் பெண் ஃபிலோமினா அக்கா. நாற்காலி போட்டார்கள். படம் இல்லை.

அனுப்புவதற்கு ஒரு நிமிடம் போதும். ஜெனட்டிடம் நல்ல போன் இருந்தது. நான் அனுப்பவில்லை. இருநூற்றுப் பதினான்கு படங்களில் நல்லவற்றைத் தேர்ந்து, வண்ணம் திருத்தி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி எழுதி, புத்தகமாக அச்சிட்டுத் தரப்போவதாகச் சொன்னேன். அவர் மகிழ்ந்தார். வரிகள் அமையவில்லை. எழுதினேன், அடித்தேன். அது அவருடைய பயணம் என்பது எங்கேயோ மறந்துபோயிற்று. நான் என்னுடைய புத்தகத்தைச் செய்துகொண்டிருந்தேன்.

திங்கட்கிழமைகளில் மாடிப்படியில் கேட்பார்.

"படம் ரெடியா?"

"இன்னும் கொஞ்சம் இருக்குக்கா."

"இன்னாம்மா, சினிமா எடுத்துனு கீறியா? சூசை இன்னா சொல்லுது தெரியுமா? நான் எண்ணூர் பஸ்ல ஏறி எறங்கிட்டு ஜப்பான்னு சொல்றேனாம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கிறிஸ்துமஸுக்கு நிச்சயம் என்றேன். கிறிஸ்துமஸ் வந்தபோது நாற்பது படம் முடிந்திருந்தது. அன்று அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு டப்பா நிறையக் கேக் கொடுத்தார். "எல்லாத்தையும் நீயே துன்னு. மாடியில குடுக்காத."

அதற்கு மூன்றாவது வாரம் ஜெனட்டின் அழைப்பு. சிலையோடு நிற்கும் படத்தை அனுப்ப ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மதியம் சந்துக்குப் போனபோது ஃபிளெக்ஸைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நீல வானம், புறாக்கள், ஒரு சிலுவை. நடுவில் அக்கா. பக்கத்தில் யாரும் இல்லை. தலையில் பனி இல்லை. தோளில் இல்லை. கயிற்றை இழுத்துக் கட்டிய ஃபிளெக்ஸ் கடைக்காரரிடம் கேட்டேன்.

"பக்கத்துல வேற ஒரு அம்மா நின்னுனு இருந்தாங்க, தூக்கிட்டேன். அப்பறம் படம் பூரா வெள்ளைப் புள்ளிங்க. பழைய போட்டோ மாரி. ஒண்ணொண்ணா தொடைச்சேன், ரெண்டு மணி நேரம். நல்லா வந்துகீதா?"

அவர் முகத்தில் உண்மையான அக்கறை இருந்தது. நல்லா வந்திருக்கு என்றேன். மாலை காசிமேட்டுக் கல்லறையில் அடக்கம் செய்தோம்.

முப்பதாம் நாள் பூசைக்குப் போகுமுன், இருநூற்றுப் பதினான்கு படங்களையும் யானைக்கவுனியில் ஒரு கடையில் அச்சிட்டேன். கலங்கியது, சாய்ந்தது, உள்ளங்கை எல்லாம். கீழே வரி எதுவும் எழுதவில்லை. பூசை முடிந்து சந்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். சாப்பாட்டுக்கு. பெட்டியைத் திறந்து, என்ன சொல்லித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டே படங்களின் முதல் கட்டைச் சூசை மாமாவிடம் கொடுத்தேன்.

சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"தோ, ஊறுகா! பச்சைக் கடம்பாக்குத் தொட்டுக்கிச்சே, அது. இதான் அந்த ஜப்பான்காரி. கண்ணுல தண்ணி பாரு."

"இது இன்னா மாமா, வெறும் செவுரு?" என்றான் ஒருவன்.

"கோடு தெரியல? தண்ணி வந்த கோடுடா. கண்ணாடி போடு."

படங்கள் கைமாறின. ஒவ்வொன்றும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாததும் தெரிந்திருந்தது. சாத்தோ அம்மாவுக்கு இரண்டு பையன்கள் என்பதை அந்தச் சந்தில்தான் கேள்விப்பட்டேன். பதினொரு மாதமாக, படமில்லாமலே, அக்கா எல்லாவற்றையும் காட்டி முடித்திருந்தார்.

சூசை மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீதானம்மா எம்.ஏ.? ரெண்டு பேரும் ஐஸ்ல வழுக்கி வுழுந்தீங்களாமே. மொதல்ல அது வுழுந்துச்சாம், தூக்க வந்த நீயும் வுழுந்தியாம்."



"ஆமா மாமா," என்றேன். "ரெண்டு பேரும்."

"படம் எங்கன்னு நாங்க ஓட்டிக்கினே இருப்போம். அதுக்குக் கோவம் வந்துடும். அந்தப் பொண்ணு ஒண்ணொண்ணா நல்லா பண்ணினு கீது, அவசரப்படுத்தாதீங்கடான்னும்."

ஜெனட் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வேண்டாம் என்றிருந்தது. அப்படியே இருந்தேன்.

சிலைப் படம் கடைசிக் கட்டில் இருந்தது. சூசை மாமா அதை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு திரும்பித் தெருமுனை ஃபிளெக்ஸைப் பார்த்தார்.

"இதுல பூப்போட்டாப்ல தலையெல்லாம் பனி கீது. அம்மாக்காரி மாரி சிலை கீது. அதுல இதெல்லாம் எங்க போச்சும்மா?"

"தொடைச்சிட்டாங்க மாமா. தூசின்னு நெனச்சு."

"தூசியா?"

யாரோ சிரித்தார்கள். ஜெனட்டும் சிரித்தாள். ஒரு மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான். சிரிப்பு நடுவில் உடைந்து அழுகையாயிற்று. ஒருவரும் அதை நிறுத்தச் சொல்லவில்லை.

அக்கா, பெரிதாகப் பார்க்கிறேன் என்றீர்கள். உங்கள் தெருவுக்கு உங்கள் கையும் வாயும் காட்டியதைவிடக் குறைவாகவே என் படங்களில் இருக்கிறது. ஆனாலும் அந்த ஒரு படத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதற்கு நான் சொல்லும் காரணம் எதுவும் காரணமில்லை. உங்கள் அம்மாவின் பக்கத்தில் நில்லுங்கள். கையைக் கீழே போடுங்கள்.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் ஃபிளெக்ஸ் கடையில் இறங்கினேன். மூலப் படத்தைக் கொடுத்தேன். எதையும் துடைக்க வேண்டாம், பக்கத்தில் நிற்கும் அம்மாவும் இருக்கட்டும் என்றேன். எவ்வளவு பெரிசு வேணும் என்று கேட்டார். ஜெனட் வீட்டுச் சுவரின் அளவைச் சொன்னேன். அச்சாகி முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.