வெயில் காட்டிய நோட்டு

என் வீட்டுக்காரர் சண்டைக் காலத்தில் பர்மா பக்கம் குண்டு போடும் விமானம் ஓட்டியவர். எங்கள் வடக்குப்பட்டில் வேறு யாருக்கும் அந்தப் பெருமை கிடையாது. அவர் போன பிறகு அவருடைய தோல் குல்லாவையும், பறந்ததையெல்லாம் இங்கிலீஷில் எழுதிவைத்த நோட்டையும் மகனுக்காக டிரங்குப் பெட்டியில் காப்பாற்றி வந்தேன். வருஷா வருஷம் புளி காயவைக்கும்போது, பூச்சி அரிக்காமல் இருக்க நோட்டையும் பக்கம் பக்கமாக விரித்து வெயில் காட்டுவேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது; அதனால் எழுத்தை உற்றுப் பார்த்ததும் இல்லை.

போன மாதம் மகன் அதைப் பிரித்தான்.

“இன்னாம்மா இது, அப்பா எழுத்தயே காணோம்?”

“ஒரு கரையான அண்ட வுட்டிருப்பேனாடா?”

“கரையான் தின்னிருந்தா பாதியாவது மிஞ்சியிருக்கும். வெயில்ல மை வெளுத்துப்போச்சும்மா.”

நோட்டை வாங்கிக் கடைசிவரை புரட்டினேன். நல்லவேளை, நாலைந்து வருஷமாக மூட்டுவலி தாங்காமல் பாதியிலேயே மூடிவிடுவேன். அதனால் கடைசிப் பக்கங்கள் மங்கலாகவாவது தப்பித்தன.

இப்போது நோட்டை நிழலில்தான் காற்றாட வைக்கிறேன். தப்பிய பக்கங்களை மகன் தமிழில் சொல்லச் சொல்ல, நான் எழுத்துக் கூட்டி வேறு நோட்டில் எழுதுகிறேன். ஒரு நாளைக்கு நாலு வரிதான் முடிகிறது.