வீடு வேண்டாம் என்று ஒரு கையெழுத்து

என் மகளைக் கட்டப்போகிறவன் பக்கத்து ஊரான பிக்கரிங்கில் தாயோடு இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் மில்லிக்கனில் இருக்கும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். நண்டுக்கறி என்றால் வெட்கப்படாமல் இன்னும் கொஞ்சம் சோறு கேட்பான். அதனாலேயே எனக்கு அவனைப் பிடிக்கும்.

அன்றைக்கும் நண்டுதான். சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

“அன்ரி, கலியாணத்துக்கு முதல் நாங்கள் ரெண்டு பேரும் லோயரிட்டைப் போய் ஒரு அக்ரிமென்ட் எழுதப்போறம். ஒருவேளை பிரிஞ்சால் ஆருக்கு என்ன எண்டு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மண்டபம் பிடித்தாகிவிட்டது, கூறைச் சேலைக்கும் சொல்லியாகிவிட்டது. இவன் பிரிவதைப் பற்றிப் பேசுகிறான்! கறிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு எழும்பினேன்.

“தாலி கட்ட முதலே பிரியிறதுக்கு எழுத்தோ? உப்பிடியான கலியாணம் எங்களுக்கு வேண்டாம், தம்பி.”

“அம்மா, ப்ளீஸ், முதல்லை கேளுங்கோ,” என்றாள் மகள்.

இந்த வீடு நானும் காலஞ்சென்ற என் கணவரும் இரவு பகலாக வேலை செய்து வாங்கியது. அதை மகளுக்குச் சீதனமாக எழுதிவிட்டு, கீழே பேஸ்மென்டில் நான் இருந்துவிடலாம் என்பது என் எண்ணம். சீதனம் பெண்ணின் சொத்து, அதில் ஒருவரும் கைவைக்க முடியாது என்ற யாழ்ப்பாணத்து நினைப்பு எனக்கு. கடல் கடந்து வந்த இந்த நாட்டிலும் என்னைப்போல எத்தனையோ தாய்மார் அதே நினைப்பில்தான் இருக்கிறார்கள்.

“சீதனம் எண்டு இங்கத்தைச் சட்டத்துக்குத் தெரியாதம்மா,” என்றாள் மகள். “கலியாணம் கட்டி நாங்கள் இந்த வீட்டிலை இருந்தால், பிரியேக்கை இதின்ரை பெறுமதியையும் பங்கு போடவேண்டி வரும். என்ரை பேரிலை இருந்தாலும்தான். வேண்டாம் எண்டால் அதை எழுதி வைக்கோணும்.”

“அப்ப உவன் பாதி கேக்கிறானோ?” அவனுக்கு முன்னாலேயே கேட்டுவிட்டேன்.

அவன் முகம் சிவந்தது. “இல்லை அன்ரி. எனக்கு வேண்டாம் எண்டு எழுதத்தான் கேட்டனான். என்ரை அம்மாவும் அப்பாவும் பிரியேக்கை வீட்டை வித்துத்தான் பங்கு போட்டவை. பிறகு அம்மாவும் நானும் பேஸ்மென்ட் பேஸ்மென்டாய் மாறித் திரிஞ்சம். இந்த வீட்டை வித்தால் நீங்கள் எங்கை போவியள்?”

யாழ்ப்பாணத்தில் என் கலியாணத்துக்கு முன்பும் பத்திரம் எழுதும் நொத்தாரிசு வீட்டுக்கு வந்து சீதன உறுதி எழுதினார். மாப்பிள்ளை வீட்டார் அதை வரி வரியாக வாசிக்கக் கேட்டபிறகுதான் நாள் வைத்தார்கள். ஒருவரும் அதை அபசகுனம் என்று சொல்லவில்லை. வீடு தங்களுக்கு வருமா என்று பார்க்க எழுதிய எழுத்து அது. இவன் வேண்டாம் என்று எழுதக் கேட்கிறான். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. சட்டியைத் திரும்பக் கொண்டுவந்து, இருந்ததில் பெரிய நண்டுக்காலை அவன் தட்டில் வைத்தேன்.

ஆளுக்கொரு லோயர் பிடித்தார்கள். “சண்டை இல்லாமலே ரெண்டு லோயரோ?” என்று நக்கலடித்தேன். ஆனால் அந்த எழுத்தின் சாட்டில் அவர்கள் என் மேசையில் இருந்து பேசியவற்றை நானும் என் கணவரும் ஒருநாளும் பேசியதில்லை. மகளின் படிப்புக் கடன், அவன் தாயைப் பார்த்துக்கொள்வது, பிள்ளை பிறந்தால் வேலையை யார் விடுவது. ஒருநாள் குரல்கள் உயர்ந்து, மகள் அழுதுவிட்டாள். அடுத்த ஞாயிறும் அவன் வந்தான். இதுகள் நன்றாக இருக்குங்கள் என்ற நம்பிக்கை எனக்கு அன்றைக்குத்தான் வந்தது.

போன கிழமை இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அங்கிருந்து நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தான். நான் காலையிலேயே பிளாசாக் கடைக்குப் போய் வாசல் கதவுப் பூட்டுக்கு இன்னொரு திறப்பு வெட்டி வைத்திருந்தேன். வீடு வேண்டாம் என்று எழுதிவிட்டு வந்த கையில் அதை வைத்தேன்.

“இனி வாசல்லை நிண்டு பெல் அடியாதையும், தம்பி.”