ஹெட்லி அழைக்காத பேச்சாளர்கள்

ஹெட்லி ஆர்மராட் முப்பத்து நான்கு வருடம் ஒன்பதாம் நம்பர் பேருந்தை ஓட்டியவர். ஆஷ்பெக் சந்தைச் சதுக்கத்தில் கிளம்பி, ஆலைத் தெரு வழியாக மேடு ஏறி, மருத்துவமனை வாசலில் திரும்பி வரும் வண்டி அது. பனி கொட்டினாலும் சரி, ஆலை வேலைநிறுத்தத்தில் தெருவே கொந்தளித்தாலும் சரி, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போனதில்லை. ஊரில் பாதிப் பேருக்கு அவருடைய முகத்தைவிட முதுகைத்தான் நன்றாகத் தெரியும். கல்யாணம் காட்சி எதுவும் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு சும்மா உட்காரப் பிடிக்காமல் ஊர் வரலாற்றுச் சங்கத்தில் சேர்ந்தார். சேர்ந்தவரைச் சங்கம் சும்மா விடுமா? எழுபத்தோரு வயதில் நிகழ்ச்சிச் செயலாளர் பதவியைத் தூக்கித் தலையில் வைத்துவிட்டார்கள்.

அந்தப் பதவி காலியானதே ஒரு கூத்து. பத்தொன்பது வருடம் அதை வகித்த மியூரியல் ஓப்பன்ஷா ஒரு ஜனவரி மாதப் பொதுக்கூட்டத்தில் கோபித்துக்கொண்டு விலகினாள். காரணம் தேநீர். மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை தேவாலயக் கூடத்தில் பேச்சு. பேச்சு முடிந்துதான் தேநீரும் பிஸ்கட்டும் என்பது அவள் வைத்த சட்டம். கடைசி வரை ஆட்களை உட்கார வைப்பதே பிஸ்கட்தான் என்பாள். பொய்யில்லை. தலைவர் செட்ரிக் பாம்ஃப்ரெட், தேநீரை முன்னால் கொடுத்தால் என்ன என்று கேட்டார். கை தூக்கச் சொன்னார்கள். மியூரியல் தோற்றாள். கூடத்துச் சாவியையும், பேச்சாளர் முகவரிகள் கிடந்த ஒரு செருப்புப் பெட்டியையும் ஹெட்லி மடியில் வைத்துவிட்டு, மூன்றாம் வரிசையில் போய் உட்கார்ந்து பின்னல் ஊசியை எடுத்துக்கொண்டாள். சந்தா கட்டிய உறுப்பினர் ஆயிற்றே, வராமல் இருப்பாளா? வந்தாள். வாய்தான் திறக்கவில்லை.

ஹெட்லி பொறுப்பாக வேலை பார்த்தார். வசந்த காலத்திலேயே பெட்டியில் இருந்தவர்களுக்குப் போன் போட்டார். கேட்டவர்கள் எல்லோரும் உடனே சம்மதித்தது அவருக்கே ஆச்சரியம். ஆகஸ்டில் மஞ்சள் அட்டையில் வருட நிகழ்ச்சிகளை அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தார். செப்டம்பர் வழக்கம்போல உறுப்பினர்களின் பழைய புகைப்பட மாலை, நன்றாகவே நடந்தது. அக்டோபரில் ஆரம்பித்தது வினை.

அட்டையில் இருந்தது கால்வாய்களைப் பற்றிய பேச்சு. அந்த மனிதர் வந்து படங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஏழே கால் மணிக்கு வாசலில் ஒரு பெண்மணி, கையில் பெட்டியும் சுருட்டிய திரையுமாக வந்து நின்றாள்.

"ஆஷ்பெக் வரலாற்றுச் சங்கம்தானே? அனாதை விடுதியப் பத்திப் பேச வந்திருக்கேன்."

"இன்னிக்கா?"

"இன்னிக்குத்தான். இதோ, என் டைரியில இருக்கே. செயலாளர் போன்ல பேசினாங்கன்னு எழுதியிருக்கேன்."

ஹெட்லி டைரியை எட்டிப் பார்த்தார். செயலாளர் அவர்தான். பேசிய ஞாபகம் துளிகூட இல்லை. சமாளித்தார். ஆளுக்கு முக்கால் மணி என்று பிரித்துக் கொடுத்து, "இந்த மாசம் ரெண்டு பேச்சு" என்று ஏதோ திட்டமிட்டதுபோல அறிவித்தார். கூட்டம் கைதட்டியது. கால்வாய்க்காரரின் பேச்சில் தூங்கியவர்கள்கூட விடுதிப் பேச்சுக்கு எழுந்து உட்கார்ந்தார்கள்.

நவம்பரிலும் அதே கதை. தேவாலய மணி அடிப்பவர்களைப் பற்றிப் பேச ஒருவர் வந்து நின்றார். அவரும் டைரியைக் காட்டினார்.

ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "ஹெட்லி அள்ளி வழங்குறாரு!" என்று செட்ரிக் கேலி செய்தார். ஹெட்லிக்கு அது கேலியாகப் படவில்லை. அவருடைய அண்ணன் வில்ஃப் போனது இப்படித்தான். முதலில் ஒரு போன் பேசியதை மறந்தார். அப்புறம் பூட்ஸை அடுப்புக்குள் வைத்தார். கடைசியில், பார்க்க வந்த தம்பியிடமே "ஒன்பதாம் நம்பர் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்வி ஹெட்லியின் நெஞ்சில் இன்னும் கிடக்கிறது. நம் முறை வந்துவிட்டது என்று அவர் முடிவே கட்டிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. என்ன செய்வார், பாவம்! போன் பேசினால் உடனே சமையலறைச் சுவரில் சீட்டு ஒட்டினார். டிசம்பருக்குள் சுவர் முழுக்கச் சீட்டு. ஒன்பதாம் நம்பரின் நிறுத்தங்களைத் தினமும் காலையில் வரிசையாகச் சொல்லிப் பார்த்தார். இருபத்தாறும் வந்தது. அப்படியென்றால் மண்டை சரியாக இருக்கிறதா, அல்லது அது மட்டும்தான் மிச்சமா? குழம்பிப் போனார்.

டிசம்பர் கிறிஸ்துமஸ் விருந்து, ஜனவரி பொதுக்கூட்டம். இரண்டிலும் பேச்சாளர் கிடையாது என்பதால் ஆபத்தில்லாமல் கழிந்தன. பிப்ரவரிக்குள் ஹெட்லி ராஜினாமாக் கடிதத்தை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்த மாதக் கூட்டத்துக்கு யாரும் கூடுதலாக வராவிட்டால் கிழித்துவிடுவது, வந்தால் செட்ரிக் கையில் கொடுத்துவிட்டு டாக்டரைப் போய்ப் பார்ப்பது.

வந்தார். ஒல்லியான மனிதர், குதிரை டிராம்களைப் பற்றிப் பேச. ஹெட்லியின் கை பைக்குள் போனது. கேட்கத்தான் வேண்டுமா என்று இருந்தது, ஆனாலும் கேட்டார்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. நான் உங்கள எப்போ கூப்பிட்டேன்?"

"நீங்க இல்லியே. ஒரு அம்மா பேசினாங்க. ரெண்டு வருஷம் இருக்கும். இங்க தேநீர் பேச்சுக்கு அப்புறம்தான், வெறும் வயித்துல பேசச் சம்மதமான்னு கேட்டாங்க. அப்படிக் கேட்டவங்க யாருமே இல்ல, அதான் மறக்கல."

ஹெட்லி திரும்பினார். மூன்றாம் வரிசையில் ஊசிகள் மும்முரமாக ஓடிக்கொண்டிருந்தன.

"மியூரியல்! கொஞ்சம் வெளிய வா."

கூடத்துக்கு வெளியே கோட்டு மாட்டும் நடையில் இருவரும் நின்றார்கள். ஒரே பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள், ஆகவே மரியாதை எல்லாம் பார்க்கவில்லை.

"நீதான் கூப்பிட்டியா?"

"நான்தான். நல்ல பேச்சாளர ரெண்டு வருஷம் முன்னாடியே பிடிக்கணும், தெரியாதா? நீ கேட்டதும் ஓடி வந்தாங்களே, அவங்க ஏன் சும்மா இருந்தாங்கன்னு யோசிச்சியா?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ ஏன் கேக்கல? பேச்சாளர் தேதியெல்லாம் குறிச்ச டைரி என் கைப்பையிலதான் இருக்கு. முதல் ஆள் வந்து நின்னதும் ஓடி வந்து கதவத் தட்டுவேன்னு நினைச்சேன். நீ என்னடான்னா, வேணும்னே ஏற்பாடு பண்ணின மாதிரி மேடையேறிச் சிரிக்கிற. சரி, எவ்வளவு நாள் போகுதுன்னு பாப்போம்னு விட்டுட்டேன்."

"எனக்குப் புத்தி கழண்டுபோச்சுன்னு நினைச்சேன் மியூரியல்! நாலு மாசமா. வில்ஃப் மாதிரி."

கடிதத்தை எடுத்துக் காட்டினார். அவள் படித்தாள்.

"அடக் கடவுளே. நான் தேநீருக்காகத்தான்... இது எனக்குத் தோணவே இல்லப்பா. என்னை மன்னிச்சிடு."

ஹெட்லிக்குக் கோபம் வரவேண்டிய இடம் இது. சிரிப்புதான் வந்தது. சிரித்தார், கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். அப்பாடா, மண்டை சரியாகத்தான் இருக்கிறது! கடிதத்தை நான்காகக் கிழித்தார். முப்பத்து நான்கு வருடம் ஓட்டிய வண்டியின் கதவைத் திறந்து வெளியே இறங்கியதுபோல் இருந்தது அவருக்கு.

"டைரியக் கொடு. இன்னும் எத்தனை பேர் வந்து நிப்பாங்கன்னு பாக்கிறேன்."

அவள் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மார்ச் மாதத்தைப் புரட்டினார். இரண்டாம் செவ்வாய்க்கிழமைக்கு எதிரே பென்சிலில் எழுதியிருந்தது: ஹெட்லி ஆர்மராட், ஒன்பதாம் நம்பரில் முப்பத்து நான்கு வருடம்.

"இது என்ன?"

"நீதான். நான் செயலாளரா இருந்தப்போ கேட்டேன், மேடைன்னா கூச்சமா இருக்குன்னு ஒரு மணி நேரம் இழுத்த. அப்புறம் சரின்ன. உன் வீட்டு வாசல்ல நின்னு பேசினோம், நல்ல மழை. உன் குடையக்கூட எனக்குக் கொடுத்தியே, இன்னும் எங்கிட்டதான் இருக்கு."

அவர் அந்தப் பக்கத்தையே பார்த்தார். நினைவில் மழையைத் தேடினார், குடையைத் தேடினார். பச்சைக் குடை ஒன்று காணாமல் போனது தெரியும். பேருந்து நிலையத்தில் விட்டுவிட்டதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தார். வாசலில் அவள் நின்றது வரவேயில்லை. ஆமாம், ஆமாம் என்று சொல்லிவிட்டால் போகிறது. நாக்கு நுனி வரை வந்தது.

"எனக்கு ஞாபகம் இல்ல மியூரியல்," என்றார்.

உள்ளே செட்ரிக் கரண்டியால் கோப்பையைத் தட்டி எல்லோரையும் உட்காரச் சொன்னார். மியூரியல் கைப்பையில் பென்சிலைத் தேடி எடுத்தாள். டைரியை வாங்கி, அவர் பெயருக்குக் கீழே ஒரு கோடு போட்டாள்.

"முந்தின நாள் சாயங்காலம் நான் போன் பண்றேன்."

"அன்னிக்குக் காலையிலயும் பண்ணு," என்றார் ஹெட்லி.