நல்ல ரேகை

மகப்பேறு மருத்துவமனையில் அவளுடைய பதவிக்கு வேறு பெயர் இருந்தது. எல்லாருக்கும் அவள் மைக்காரம்மாதான். பிறந்த குழந்தையின் பாதத்தில் மை தடவி அட்டையில் ஒற்றி எடுப்பது வேலை. குழந்தை மாறிவிடக் கூடாதே. குதிகாலில் தொடங்கி விரல்வரை ஒரே அழுத்தம். கை நடுங்கினால் வரிகள் கலங்கிவிடும்.

அவளைக் குறி சொல்பவள் என்று நினைத்துத் தாய்மார்கள் கேட்பார்கள்: "ரேகை எப்படிம்மா?"

"நல்ல ரேகை" என்பாள். எல்லாக் குழந்தைக்கும் அதேதான்.

"ராஜாவுக்கும் அதே, கூஜாவுக்கும் அதேவா?" என்று நர்ஸ் சீண்டுவாள்.

"பொறந்தவுடனே எல்லாம் ராஜாதான். கூஜா தூக்க வைக்கிறது நாமதானே!"

கல்யாணம் செய்துகொள்ளாதவள். தாயில்லாத அண்ணன் மகளை வளர்த்து ஆளாக்கினாள். அந்தப் பெண்ணுக்கு இங்கேயே ஒரு ராத்திரி ஆண் குழந்தை பிறந்தது.

மறுநாள் காலை வேலை தொடங்கியதுமே மைத்தட்டோடு போனாள். குழந்தையின் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே அகலமான இடைவெளி. அதிலிருந்து பாதத்தில் ஆழமாக ஒரு கோடு இறங்கியது. மூடியிருந்த கையை விரித்தாள். உள்ளங்கையின் குறுக்கே ஒரே ரேகை. இன்னொரு கையிலும் அப்படியே.

இப்படி முன்பும் பார்த்திருக்கிறாள். ஒருமுறை டாக்டரிடமே கேட்டாள். ரேகை கருவிலேயே விழுந்துவிடும் என்றார் அவர். நல்ல ஆரோக்கியமானவர்களுக்கும் ஒற்றை ரேகை உண்டு, அதை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. ஆனால் இப்படிச் சில அடையாளங்கள் சேர்ந்து வந்தால் ரத்தத்தையும் இதயத்தையும் பரிசோதித்தாக வேண்டும்.

பெண்ணின் மாமியார் எட்டிப் பார்த்தாள். "ஒரே கோடு! பிடிச்ச பிடியை விடமாட்டான் பேரன். சம்பந்தி, சீக்கிரம் ஒத்தி எடுங்க. வண்டி வந்திடுச்சு, கிளம்பணும்."

"அத்தை, ரேகை எப்படின்னு நீங்க சொல்லுங்க" என்று சிரித்தாள் பெண்.

மைக்காரம்மா மைத்தட்டைக் கீழே வைத்தாள்.

"என்ன அத்தை?"

"இன்னிக்குப் போக வேண்டாம், கண்ணு. குழந்தை டாக்டர் வரட்டும். நெஞ்சை ஸ்கேன் எடுத்துப் பாக்கணும்."

"நல்ல நாளும் அதுவுமா வாயைக் கழுவுங்க!" மாமியார் பையைத் தூக்கிக்கொண்டாள்.

பெண் அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த மாதிரி ரேகை பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன்."

"அந்தக் குழந்தைங்க?"

"நிறைய பேர் வளந்துட்டாங்க. ஒருத்தி நல்லாப் பாடுவா. ஒரு குழந்தைக்கு நெஞ்சுல ஓட்டை இருந்தது லேட்டாத் தெரிஞ்சது."

அந்தக் குழந்தை என்ன ஆனது என்று அவள் கேட்கவில்லை.

"வண்டியை அனுப்பிடுங்க" என்றாள் மாமியாரிடம்.

இதயத்தில் துளை இருந்தது. மருந்து தொடங்கினார்கள். சில மாதம் போனால் அறுவை சிகிச்சை செய்யலாம் என்றார்கள். ரத்தப் பரிசோதனை முடிவும் வந்தது: டவுன் சிண்ட்ரோம். அன்றிலிருந்து பெண் அத்தையோடு பேசவில்லை. அத்தை தினமும் வேலை முடிந்ததும் வந்து வார்டு வாசலில் நிற்பாள். கொண்டுவந்த சாப்பாட்டை வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள்.

ஒருநாள் மாலை உள்ளிருந்து குரல் வந்தது.

"அங்கேயே ஏன் நிக்கிறீங்க?"

போனாள். பெண் குழந்தையை நீட்டினாள். கண்கள் வீங்கியிருந்தன.

"குளிச்சு எத்தனை நாளாச்சு. பிடிங்க. மூச்சு வாங்கினா உடனே கூப்பிடுங்க."

"சரி, கண்ணு."

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நடுவே அழுகையும் கேட்டது. மைக்காரம்மா எழுந்திருக்கவில்லை. குழந்தையின் சட்டைப் பொத்தானைக் கழற்றி, ஏறி இறங்கும் சின்ன நெஞ்சைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.