நான் வெட்டிய மூன்று நிமிடங்கள்

தவமலர் அக்கா காலமான செய்தி வந்தபோது நான் அடுத்த வாரத் தொலைக்காட்சித் தொடரை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். அழுகைக்கு முன்னால் எனக்குப் பயம்தான் வந்தது. அவருடைய கணவரின் முகத்தில் எப்படி விழிப்பது?

திருகோணமலையில் எங்கள் சிறிய தொலைக்காட்சி நிலையத்துக்கு நாடகம் எழுதியவர் அக்கா. கிளிவெட்டியில் பிறந்து, துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய நடராசா ஐயாவை மணந்து நகரத்துக்கு வந்தவர். சிரித்த முகம், ஆனால் அவர் வசனத்தில் கைவைத்தால் நெருப்பு.

"எங்கட நாடகம் பாக்கிறது கலியாணம் கட்டின பொம்பிளையள்தான். மாமி மருமகள் சண்டையை விட்டு அங்கால போகாதேங்கோ" என்பார் மேலாளர். ஒருநாள் கூட்டத்தில் அக்கா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"வீட்டில ஒரு டிவி. இருக்கிறது நாலு பேர். ஒராளுக்கு மட்டும் எழுது எண்டு சொல்லுறீங்கள். மற்ற மூண்டு பேரும் சுவரைப் பாக்கிறதோ?"



ஓய்வுபெற்றபின் நடராசா ஐயா வீட்டில் கதைப்பதே குறைவு. தொடர் தொடங்கினால் எழுந்து வெளியே போய்விடுவார். அவருக்காகவே அக்கா மூன்று நிமிடக் காட்சி ஒன்று எழுதினார். படமும் பிடித்தோம். "இண்டைக்கு இருந்து பாருங்கோ, உங்கட கதை வருது" என்று அவரை இருத்தியும் விட்டார். ஒளிபரப்புக்குச் சற்று முன்னர், "கிழவன்ர கதையை ஆர் பாக்கிறது?" என்று மேலாளர் கேட்டார். வேலை போய்விடும் என்று பயந்து வெட்டிவிட்டேன். அக்காவுக்குச் சொல்லவும் துணிவில்லை.

மறுநாள் அக்கா வந்தார். "ஏன் தம்பி, எனக்கு முதலே சொல்ல ஏலாமப் போச்சோ?" என்று மட்டும் கேட்டார். அதன்பிறகு எங்களுக்கு எழுதவேயில்லை.

செத்தவீட்டில் நடராசா ஐயா என் கையைப் பிடித்தார்.

"தம்பி, என்ர கதை சரியா வரேல்ல, தானே வெட்டிப்போட்டன் எண்டு அவ சொன்னவ. நான் நம்பேல்ல. நீ எழுதவேயில்லை, பொய் சொல்லுறாய் எண்டு ஏசிப்போட்டன்."

என்னைக் காட்டிக்கொடுக்காமல் அந்த ஏச்சை அக்கா வாங்கியிருக்கிறார். சனம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எழுதினவ ஐயா. நல்லாத்தான் எழுதினவ. வெட்டினது நான்."

பிடி இறுகியது. அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன்.

"அந்தக் காட்சியில நான் என்ன செய்யிறன்?"

"சந்தைக்கெண்டு சொல்லிப்போட்டு, துறைமுக மதிலடியில நிண்டு கிரேனைப் பாத்து அழுறீங்கள். அக்கா தூர நிண்டு காணுறா. ஒண்டும் கேக்காமத் திரும்பி வந்து, தேத்தண்ணி ஊத்தி வைக்கிறா."

அவர் என் கையை விட்டார். சவப்பெட்டியின் மேல் குனிந்து, அக்காவிடமே கேட்டார்: "அண்டைக்கு நீ என்னைக் கண்டனியோ?"

அக்கா, உங்கள் காட்சி போய்ச்சேர வேண்டியவரிடம் இவ்வளவு பிந்திச் சேர்ந்தது என்னால்தான். என்னைப் பொறுத்துக்கொண்டு போய் வாருங்கள்.