ராஜா மட்டும் மேடைக்கு வரவில்லை

என் மனைவி பூங்கோதைக்கு ஒரு கிறுக்கு உண்டு. பிள்ளைகளை நாடகத்துக்குக் கூட்டிப் போவதென்றால், நாடகம் பார்ப்பது எப்படி என்று ஒரு வாரம் பாடம் நடத்திவிட்டுத்தான் கூட்டிப் போவாள். இங்கே வங்காளத்தில், சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் சின்னதாக ஒரு பள்ளிக்கூடம். அதில் இரண்டாம் வகுப்பு டீச்சர். கண்ணைத் திறந்தால் தெரியப்போகிறது, இதற்கு என்னடி பாடம் என்று கேட்டால், "உங்களுக்கு யாரும் சொல்லித் தரலைங்க. அதான் ஹால்ல உட்கார்ந்ததும் குறட்டை விடுறீங்க" என்பாள். இவளிடம் வாயைக் கொடுத்து ஜெயித்தவன் நான் வேலை பார்க்கும் ரயில்வே யார்டில் யாருமில்லை.

வகுப்பு ஜன்னலில் எங்கள் பழைய போர்வையைக் கட்டி இருட்டாக்குவாள். பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு, காகித டிக்கெட் கொடுத்து, ஒரு பிள்ளை அதைக் கிழித்து உள்ளே விட வேண்டும். எவர்சில்வர் தட்டில் மூன்று தடவை தட்டுவாள். இந்த ஊர் நாடகத்தில் மூன்றாவது மணி அடித்தால்தான் திரை திறக்கும். அதற்குள் பாத்ரூம் போய்வர வேண்டும், முன் சீட்டை உதைக்கக் கூடாது, பயந்தால் பக்கத்துப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ளலாம். இப்படி நூறு சட்டம்.

இந்த வருடம் போனது, மழையைத் தேடிப் போகும் ஒரு ராஜாவின் கதை. ராஜா நடுவில் செத்துப்போவார். சின்னதுகள் அழுதுவிடுமே என்று, மேடையில் சாகிறவர் நிஜமாகச் சாவதில்லை, கடைசியில் எழுந்து வந்து எல்லோரோடும் கைகோத்துக் கும்பிடுவார் என்று சொல்லிக் கொடுத்தாள். சொன்னால் போதாதா? தானே வகுப்பில் மல்லாக்கப் படுத்துச் செத்துக் காட்டி, எழுந்து கும்பிட்டும் காட்டியிருக்கிறாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து முட்டியில் தைலம் தேய்க்கச் சொன்னாள்.

"அந்த சத்யப்ரியாங்க. இன்னொரு தடவை மிஸ், இன்னொரு தடவை மிஸ்னு விடவே இல்ல. மழைக்காலத்துக்கு அப்புறம் அவ வகுப்புல வாயைத் திறந்ததே இன்னைக்குத்தான்."

சத்யப்ரியா என்னோடு யார்டில் வேலை பார்த்த உத்தமனின் மகள். போன மழைக்காலத்தில் ஷிப்டு முடித்து வந்தவன், சாப்பிட உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டான். நல்ல மனுஷன். பிள்ளை வாயைத் திறந்தாளே என்று நானும் சந்தோஷப்பட்டேன். அதற்கு மேல் எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் எதுவும் உதிக்கவில்லை.

பெரியவர்கள் போதவில்லை என்று சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், டாக்குரியாவில் ஒரு பழைய ஹால். பஸ் பாலம் தாண்டுவதற்குள் இரண்டு வாந்தி, இரண்டும் என் பக்கம். ஆனால் ஹாலுக்குள் அந்தப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த அழகைச் சொல்ல வேண்டும். ராஜா செத்து விழுந்தபோது வேறு பள்ளிப் பிள்ளைகள் ஓவென்று அழுதார்கள். எங்கள் பிள்ளைகள் அசையவில்லை. சத்யப்ரியா சீட்டு நுனிக்கு வந்து உட்கார்ந்துகொண்டாள்.

நாடகம் முடிந்தது. ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக் கூப்பிட, மந்திரி வந்தார், ராணி வந்தாள், மரமாக நின்றவர்கூட வந்தார். ராஜா வரவில்லை. எல்லோரும் கைகோத்துக் கும்பிட்டார்கள், திரை விழுந்துவிட்டது. மற்ற பிள்ளைகள் இன்னொரு டீச்சரோடு பஸ்ஸுக்குப் போனார்கள். சத்யப்ரியா மட்டும் எழுந்திருக்கவில்லை.

"எல்லாரும் வருவாங்கன்னு சொன்னீங்களே மிஸ்."

பூங்கோதையின் முகத்தில் ரத்தம் சுண்டிவிட்டது. பிள்ளை எந்த நம்பிக்கையில் இவளை மறுபடி மறுபடி சாகச் சொன்னாள் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அல்லது அப்படி நாங்களாக நினைத்துக்கொண்டோமோ, எனக்கு இன்றுவரை புரியவில்லை. நான் நேரே போய் டைரக்டரைப் பிடித்தேன். கதையில் செத்தவர்களை மேடைக்குக் கூப்பிடுவதில்லையாம், பார்ப்பவர்கள் அந்த இழப்பை வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டுமாம். பெருமையாக வேறு சொல்கிறான். இரண்டாம் வகுப்புப் பிள்ளை எதை ஐயா எடுத்துப் போவாள் என்று எனக்குத் தெரிந்த பெங்காலியில் நன்றாகக் கேட்டுவிட்டு, பிள்ளையை உள்ளே கூட்டிப் போனோம்.

ராஜா உள் அறையில், தேங்காயெண்ணெய் தடவிப் பாதி முகத்தைத் துடைத்துவிட்டு, பொரி தின்றுகொண்டிருந்தார். சத்யப்ரியா அவரை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, நாங்கள் கை தட்டியது இங்கே கேட்டதா என்று பெங்காலியில் கேட்டாள். எல்லாம் கேட்டது, யார் இருமினார்கள் என்பதுகூடக் கேட்டது என்றார் அவர். அவள் தலையாட்டிக்கொண்டாள். பஸ்ஸில் தூங்கிவிட்டாள்.

அந்தப் பாவப்பட்ட மனுஷன் நல்லதைத்தான் சொன்னார். ஆனால் திங்கட்கிழமை சாயங்காலம் சத்யப்ரியாவின் அம்மா விஜயலட்சுமி போன் செய்தாள். அப்பா திரைக்குப் பின்னால்தான் இருக்கிறார், நாம் பேசுவதெல்லாம் அவருக்குக் கேட்கும், மிஸ்தான் கூட்டிப்போய்க் காட்டினார்கள் என்று மகள் சொன்னாளாம்.

"என்ன சொல்லிக் கொடுத்தீங்களோ டீச்சர், எனக்குத் தெரியல. அவர் போனதுக்கப்புறம் ரெண்டு நாளாத்தான் எனக்குச் சோறு இறங்குது."

போனை வைத்துவிட்டு பூங்கோதை அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பொய்யை விதைத்துவிட்டேனே என்றாள். கொஞ்சம் கழித்து, பொய்தானா அது என்று என்னைக் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? விட்டுவிடு என்றேன். அடுத்த நிமிஷமே, விடக்கூடாது, பிள்ளை காத்திருந்து காத்திருந்து ஏமாந்து போவாள் என்றும் நானே சொன்னேன். இரண்டு பேருமாகக் குழம்பியதில் அடுப்பிலிருந்த பாலைக் கோட்டை விட்டோம்.

மறுநாள் இடைவேளையில் சத்யப்ரியாவைத் தனியாக உட்கார வைத்து, நாடகம் வேறு, நிஜம் வேறு என்று ஆரம்பித்திருக்கிறாள். சொல்ல நாக்கு எழவில்லையாம். தட்டுத் தடுமாறி, அப்பா எந்தத் திரைக்குப் பின்னாலும் இல்லை, இனி வரவும் மாட்டார், கேட்கவும் மாட்டார் என்று சொல்லி முடித்தாளாம். பிள்ளை அழவில்லை. டிபன் டப்பாவை மூடி வைத்துவிட்டு, பூங்கோதையின் காதருகே வந்தாளாம்.

"தெரியும் மிஸ். அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. இப்பத்தான் சாப்பிடுறாங்க."

இதைச் சொல்லும்போது பூங்கோதைக்குக் குரல் உடைந்துவிட்டது. நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"சரின்னுட்டேங்க" என்றாள்.