சூர்யகலா போட்டு அணைத்த பெட்டிகள்

போடியிலிருந்து மலையேறினால் ஏலக்காய் உலர்த்தும் பல ஸ்டோர்களில் லிங்கேஸ்வரன் மாட்டிய பெட்டி இருக்கும். காய் உலரும் அறையின் சூட்டைக் குறித்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டைப் படம் பிடித்து வைக்கும் சின்ன லினக்ஸ் கம்ப்யூட்டர் பெட்டி. ரேடியோ ரிப்பேரில் தொடங்கிய மனிதர், நாற்பது வயதுக்கு மேல் இதைத் தானே படித்துத் தேறினார்.

மனைவி சூர்யகலா சிலமலைக்காரி. அவள் கல்யாணமாகி வந்த மாதமே மாமனார் தவறிவிட்டார். ராசியில்லாதவள் என்று சொந்தக்காரர்கள் அவள் காதுபடவே பேசினார்கள், பாவிகள். அந்தப் பேச்சு உறைத்ததால்தான், முதல் பெட்டியின் சுவிட்சை லிங்கேஸ்வரன் அவள் கையால் போடச் சொன்னார். அதிலிருந்து ஒவ்வொரு பெட்டிக்கும் அவள் காலண்டரில் நல்ல நேரம் பார்ப்பாள். சாம்பிராணி காட்டி, சுவிட்சைப் போட்டு, பத்து எண்ணி அணைப்பாள்.

"நல்ல நேரத்துல பொறந்துருச்சு. இனி மலையில போயி ஓடட்டும்" என்பாள்.

பெரிய மெமரி கார்டு வாங்கிப் போட ஆரம்பித்த பிறகுதான் வில்லங்கம் வந்தது. அவருடைய புரோகிராம் கார்டின் ஒரு மூலையில்தான் உட்காரும். முதல் தடவை கரண்டு வந்ததும் பெட்டி தானாகவே அந்த இடத்தைக் கார்டின் கடைசிவரை விரித்துக்கொள்ள வேண்டும். ஒன்றரை நிமிட வேலை. மகாராஜன் எஸ்டேட்டில் மாட்டிய ஏழில் நான்கு விரியவே இல்லை. பத்தே நாளில் படம் நிரம்பி நின்றுபோயின.

"வெள்ளிக்கெழமைக்குள்ள சரியாகலேன்னா எல்லாத்தையும் கழட்டிக் கொண்டுபோயிருங்கண்ணே" என்றார் முதலாளி மகாராஜன்.

போடிமெட்டு ஜீப்பில் போகும்போது லிங்கேஸ்வரன் யோசித்துப் பார்த்தார். நின்ற நான்கும் சூர்யகலா போட்டவை. ஓடுகிற மூன்றும், அவள் திருவிழாவுக்குச் சிலமலை போயிருந்தபோது இவர் நேராக எடுத்துப்போனவை. ஒரு நிமிடம், ஒரே நிமிடம், சொந்தக்காரர்கள் சொன்ன சொல் அவர் நெஞ்சிலும் வந்து உட்கார்ந்தது. இன்றும் அதை நினைத்தால் அவருக்குக் கூசும்.

ஸ்டோரில் லேப்டாப்பைத் திறந்ததும் குட்டு உடைந்தது. 'விரித்தாயிற்று' என்று முதலில் குறித்துவிட்டு, அப்புறம்தான் விரிக்கத் தொடங்கும்படி இவரே எழுதியிருந்தார். பத்து எண்ணி அவள் அணைத்தபோது குறிப்பு மட்டும் நின்றது, வேலை நடக்கவில்லை. மலையில் பெட்டி அந்தக் குறிப்பை நம்பிச் சும்மா இருந்துவிட்டது. தப்பு அவள் கையில் இல்லை.

அணைக்காதே என்று அவளிடம் சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனால் நின்றவை எவை என்று அவள் கேட்பாள். நான்கும் தான் போட்டவை என்று தெரிந்தால் உடைந்துபோவாள். லிங்கேஸ்வரன் புரோகிராமைத் திருத்தினார். குறிப்பை நம்பாதே, ஒவ்வொரு முறை கரண்டு வரும்போதும் இடம் மிச்சமிருக்கிறதா என்று பார், இருந்தால் விரி. சாயங்காலத்துக்குள் நான்கும் விரிந்தன.

"பெட்டியெல்லாம் ஓடுதாங்க?" என்றாள், வீட்டுக்குள் நுழைந்ததும்.

"ஓடுது. உன் கைராசி."

அன்றைக்குக் காப்பியில் சர்க்கரை ஒரு கரண்டி கூடுதல்.

இரண்டு வருடம் முன்பு சூர்யகலா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். "கைராசிக்காரி போயிட்டாளே" என்று அதே சொந்தக்காரர்கள் அழுதார்கள். அதைக் கேட்ட பிறகுதான் லிங்கேஸ்வரன் வாய்விட்டு அழுதார்.

இப்போது காலண்டரில் நல்ல நேரம் பார்ப்பது அவர்தான். சுவிட்சைப் போட்டு, பத்து எண்ணி அணைக்கிறார். மிச்சத்தைப் பெட்டி மலைக்குப் போய் விரித்துக்கொள்கிறது.